பக்கெட்டில் பழுப்பு, ரிப்போர்ட்டில் 0.12: நிறத்தை வைத்து இரும்பை அளப்பது நம்பகமானதுதானா?

கேள்வி இது: “வீட்டு போர்வெல் தண்ணீர் குழாயில் வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரு மணி நேரம் பக்கெட்டில் நின்றால் மஞ்சளாகி, அடியில் பழுப்பாகப் படிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலில் பிடித்து, செவ்வாய்க்கிழமை லேபில் கொடுத்தேன். இரும்பு லிட்டருக்கு 0.12 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தது. மீன் தொட்டிக்காக வைத்திருக்கும் கலர் கிட்டில் குழாய்த் தண்ணீரைப் போட்டால் 1-ஐத் தாண்டுகிறது. டீ கருத்துப் போகிறது என்று அம்மா வேறு சொல்கிறார். எதை நம்புவது? சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து உலோகத்தை அளப்பது நம்பத்தகுந்த முறைதானா?”

உங்கள் அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் முதலில் இரும்பைக் கண்டுபிடித்தவர் அவர்தான். தேயிலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது; இரும்பு அதோடு சேர்ந்தால் நீலம் கலந்த கருப்பு வரும். பால் ஊற்றினாலும் அந்த டீ செம்மை ஏறாமல் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். கடுக்காயை இரும்புச் சட்டியில் ஊறவைத்தவர்களுக்கு இந்தக் கருப்பு நன்றாகத் தெரியும். கலம்காரித் துணியில் கரிய கோடு விழுவதும் இதே வேதியியல்தான். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்ததில் நனைத்துக் காயவைத்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறப்போட்டு வடித்த நீரால் அதன்மேல் வரைகிறார்கள். வரைந்த இடம் கருத்துவிடுகிறது. ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டில் இதைச் சோதனையாகவே எழுதி வைத்திருக்கிறார்: செம்பிலிருந்து எடுக்கும் பச்சை நிறப்பொடியில் மலிவான இரும்பு உப்பைக் கலந்து விற்றால், மாசிக்காய்ச் சாற்றில் ஊறிய பாப்பிரஸ் தாளால் தொட்டுப் பார்க்க வேண்டும், கலப்படம் இருந்தால் தாள் கருக்கும். உங்கள் வீட்டில் கொய்யா மரம் இருந்தால் நாலு இலையைக் கசக்கி ஒரு டம்ளர் போர்வெல் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அதுவும் கருநீலமாகும்.

ஆனால் இதெல்லாம் ‘இருக்கிறதா’ என்ற கேள்விக்குத்தான் பதில். +2 லேபில் உப்புப் பகுப்பாய்வு செய்தபோது நாம் கேட்டதும் அந்தக் கேள்விதான். அலுமினான் விட்டுச் சிவப்பு வந்தால் அலுமினியம், அம்மோனியா விட்டு அடர் நீலம் வந்தால் காப்பர், எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவோம். ‘எவ்வளவு இருக்கிறது’ என்று கேட்கும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. அந்த அளவும் எவ்வளவு சின்னது என்று பாருங்கள்: லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால், மொட்டைமாடியில் இருக்கும் 1000 லிட்டர் டேங்கில் ஒரு கிராம் இரும்பு. ஒரு சின்ன ஆணி. அது முழுதும் கரைந்து பரவியிருக்கிறது; கண்ணால் பார்த்தால் தண்ணீர் தண்ணீராகத்தான் தெரியும்.

சரி, அந்த ஆணியை நிறமாக மாற்றுவது எப்படி?

கரைந்த உலோகங்களுக்குத் தாமாக இருக்கும் நிறம் பெரும்பாலும் மிக மெலிது. மயில்துத்தக் கரைசல் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் அதில் காப்பர் ஏராளமாக இருப்பதுதான். வேதியியலில் ஒரு பொருள் எவ்வளவு தீவிரமாக ஒளியை விழுங்குகிறது என்பதற்கு மோலார் உறிஞ்சுதிறன் என்று ஒரு எண் உண்டு. வெறும் தண்ணீரில் கரைந்த காப்பருக்கு அது 12 அளவில்தான். ஃபெரஸ் அயனியோடு, அதாவது இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்போடு, 1,10-ஃபெனாந்த்ரோலின் என்ற ஈனி (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு) மூன்று மூலக்கூறுகளாகச் சேர்ந்து பிடித்துக்கொண்டால் உண்டாகும் ஆரஞ்சுச் சிவப்பு அணைவுக்கு அந்த எண் ஏறக்குறைய 11,100. இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் ஈனிக்குத் தாவுவதால் வரும் நிறம் இது. அதனால்தான் இத்தனை அடர்த்தி. இந்த அணைவு நீலப்பச்சை ஒளியை, அதாவது 510 நானோமீட்டர் அளவில், விழுங்குகிறது. மிச்சம் வெளியே வருவது நம் கண்ணுக்கு ஆரஞ்சு. ஆகவே கருவி பார்ப்பது அந்த ஆரஞ்சை இல்லை. நீலப்பச்சை ஒளியை அனுப்பி, எவ்வளவு திரும்பி வரவில்லை என்று கணக்கெடுக்கிறது.

கணக்கு எளிது. பாதி ஒளி வெளியே வந்தால் உறிஞ்சளவு 0.3, பத்தில் ஒரு பங்கு வந்தால் 1, நூற்றில் ஒரு பங்கு வந்தால் 2. பூகேர், லாம்பெர்ட், பேர் என்று 1729-இலிருந்து 1852 வரை மூன்று பேர் கைமாறி வந்த விதி சொல்வது இதுதான்: உறிஞ்சளவு, பொருளின் செறிவுக்கும் ஒளி கடக்கும் தூரத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பை ஃபெனாந்த்ரோலினோடு சேர்த்து, ஒரு செ.மீ. அகலமுள்ள க்யூவெட்டில் (கருவிக்குள் வைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) வைத்தால் உறிஞ்சளவு 0.2 வரும். 0.3 மில்லிகிராம் என்றால் 0.06. தூரத்தைக் கூட்டினால் எண் கூடும். அந்தக் காலத்து நெஸ்லர் குழாய்களில் கரைசலைப் பக்கவாட்டில் பார்க்காமல் மேலிருந்து கீழே பார்த்தது அதற்காகத்தான். கீழே வெள்ளைத் தாள், பக்கத்தில் அளவு தெரிந்த நிறக் கரைசல்கள் வரிசையாக. ஃபெனாந்த்ரோலின் நிறம் மாதக்கணக்கில் மங்காது, அதனால் அந்த வரிசையை ஒருமுறை செய்து அலமாரியில் வைத்துவிடலாம். இரும்பைப் பார்க்க உதவும் இன்னொரு மருந்தான தயோசயனேட் போட்டு வரும் ரத்தச் சிவப்புக்கு அந்த ஆயுள் கிடையாது. நீங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வெளிறத் தொடங்கிவிடும்.

இப்போது லேபில் உண்மையில் நடப்பதைப் பார்ப்போம். நான் சில வருடங்கள் தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் இருந்தவன். என் நாட்களில் பாதி இந்த ஆரஞ்சு நிறத்தோடுதான் போனது.

பாட்டிலை நன்றாகக் குலுக்கி 50 மி.லி. எடுக்கிறோம். குலுக்குவதை நினைவில் வையுங்கள், மறுபடி வருகிறேன். கோனிக்கல் ஃபிளாஸ்க்கில் ஊற்றி 2 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 1 மி.லி. ஹைட்ராக்ஸிலமைன் கரைசலும் சேர்த்து, தண்ணீர் 15, 20 மி.லி. ஆகும்வரை கொதிக்க வைக்கிறோம். அமிலம் துருத் துகள்களைக் கரைக்கிறது. ஹைட்ராக்ஸிலமைன், மூன்று எலக்ட்ரான் இழந்த ஃபெரிக் இரும்புக்கு ஓர் எலக்ட்ரான் கொடுத்து ஃபெரஸாக ஒடுக்குகிறது. ஆரஞ்சு அணைவு ஃபெரஸுக்குத்தான் என்பதால் இந்தப் படி இல்லாமல் முடியாது. ஆறவிட்டு, 100 மி.லி. குடுவைக்கு மாற்றி, அம்மோனியம் அசிடேட் தாங்கல் கரைசல் 10 மி.லி., ஃபெனாந்த்ரோலின் 4 மி.லி. சேர்த்து, கோடு வரை தண்ணீர் நிரப்பி, பத்து பதினைந்து நிமிடம் வைக்கிறோம். தாங்கல் கரைசல் விழுந்து ஃபெனாந்த்ரோலின் சேரும் அந்த நொடியில், தெளிவாக இருந்த குடுவைக்குள் ஆரஞ்சு நிறம் புகை மாதிரிச் சுருண்டு இறங்கும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

தாங்கல் கரைசல் எதற்கு? பி.எச். மிகக் குறைவாக இருந்தால் ஃபெனாந்த்ரோலினை ஹைட்ரஜன் அயனிகள் பிடித்துக்கொள்ளும், இரும்புக்கு மிஞ்சாது. மிக அதிகமானால் இரும்பே ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். 3-க்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினால் நிறம் சீக்கிரம் வருகிறது. இந்தச் சோதனையின் ஒவ்வொரு படியும் இப்படித்தான், இரும்பு யார் கையில் இருக்கிறது என்ற போட்டியைத் தீர்த்து வைக்கிறது. நீங்களே அடுப்படியில் பார்க்கலாம். கருத்துப்போன கட்டன் டீயில் எலுமிச்சை பிழியுங்கள், கருப்பு வெளிறும். இரும்பு எங்கும் போய்விடவில்லை. சிட்ரிக் அமிலம் டானினிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டது, அவ்வளவுதான். தண்ணீரில் பாலிபாஸ்பேட், சயனைடு, நைட்ரைட்டு மாதிரி ஏதாவது இருந்தாலும் இதே போல நிறத்தைக் கெடுக்கும். கொதிக்க வைக்கும் படி அவற்றையும் பெருமளவு ஒழித்துவிடுகிறது. அவசரத்தில் கொதிக்க வைக்காமல் விடும் லேப் மிச்சப்படுத்துவது இருபது நிமிடம். தொலைப்பது பாதி இரும்பு.

எண்ணாக மாற்ற ஒரு ஒப்பீட்டுக் கரைசல் வேண்டும். மோர் உப்பு, அதாவது ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட், நாம் +2-வில் பெர்மாங்கனேட்டோடு டைட்ரேஷன் செய்த அதே வெளிர்பச்சைப் படிகம், 0.7022 கிராம் எடுத்து கொஞ்சம் அமிலம் சேர்த்த தண்ணீரில் ஒரு லிட்டராகக் கரைத்தால் லிட்டருக்கு சரியாக 100 மில்லிகிராம் இரும்பு. அதைப் பல அளவுகளில் நீர்த்து, ஒவ்வொன்றிலும் நிறம் உண்டாக்கி, உறிஞ்சளவைக் குறித்துக் கோடு போட்டால் நேர்கோடு வரும். உங்கள் தண்ணீரின் எண் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்பதுதான் ரிப்போர்ட்.

உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

ஆழத்து நிலத்தடி நீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இருக்காது. அங்கே இரும்பு ஃபெரஸாக, நிறமில்லாமல், நிம்மதியாகக் கரைந்திருக்கும். மோட்டார் மேலே இழுத்ததும் காற்று படுகிறது. ஃபெரஸ் ஃபெரிக் ஆகிறது. ஃபெரிக் சாதாரணத் தண்ணீரில் கரைந்து நிற்காது. ஹைட்ராக்சைடாகத் திரண்டு மஞ்சள், அப்புறம் பழுப்பு. உங்கள் பக்கெட்டில் ஒரு மணி நேரத்தில் நடப்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பிடித்த பாட்டிலிலும் இதேதான் நடந்தது, ஆனால் அதற்கு இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை லேப் போய்ச் சேர்ந்தபோது பாட்டிலின் மேலே இருந்த தண்ணீர் தெளிவாக இருந்திருக்கும். இரும்பு அடியில் மெல்லிய படலமாகவும், பக்கச் சுவரில் ஒட்டியும் இருந்திருக்கும். குலுக்காமல் மேல் தண்ணீரைப் பிப்பெட்டில் எடுத்தாலோ, கலங்கலாக இருக்கிறதே என்று வடிகட்டிவிட்டாலோ, 0.12 வருவதில் ஆச்சரியமே இல்லை. குலுக்கினாலும் சுவரில் ஒட்டியது முழுதும் வராது. கருவி சொன்னது உண்மை: அதற்குள் வைத்த தண்ணீரில் 0.12 தான் இருந்தது. அது உங்கள் போர்வெல் தண்ணீர் இல்லை, இரும்பைக் கீழே இறக்கிவைத்துவிட்ட தண்ணீர்.

உங்கள் மீன் தொட்டிக் கிட்டோ, குழாயிலிருந்து வந்த சூட்டோடு தண்ணீரைப் பார்த்தது. ஃபெரஸ் இன்னும் ஃபெரஸாகவே இருந்தது. ரீஏஜெண்ட், அதாவது நிறம் தரும் மருந்து, அதை உடனே பிடித்துக்கொண்டது. கருவி என்று பார்த்தால் கிட் ஏழை. அட்டையில் 0.5, 1, 2 என்று கட்டம் கட்டியிருக்கும், நடுவில் இருப்பதைக் கண்தான் முடிவு செய்ய வேண்டும். மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் ஒன்று, ஜன்னலோரம் பார்த்தால் வேறு. ஆனாலும் உங்கள் விஷயத்தில் நான் கிட்டைத்தான் நம்புவேன். லேபில் ஒளியை அளக்கும் லட்ச ரூபாய் ஸ்பெக்ட்ரோவுக்குக் கிடைக்காத ஒன்று அதற்குக் கிடைத்தது: புதுத் தண்ணீர்.

‘நிறமுறை நம்பகமானதா’ என்ற கேள்விக்கு என் பதிலும் இங்கேதான் இருக்கிறது. இந்த முறையில் நிறத்தைப் படிக்கும் பகுதி தவறுவது மிக அபூர்வம். தவறெல்லாம் அதற்கு முன்னாலேயே, உலோகம் நிறமாக மாறி வரும் வழியில் நடந்து முடிந்துவிடும்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு லேபில் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு தடவை செய்வது வழக்கம். சில நாட்களாக இரண்டுக்கும் பொருத்தமே இல்லை. ஒன்றில் 0.2 என்றால் இன்னொன்றில் 0.8. பிப்பெட்டை மாற்றினோம், பல்பை மாற்றினோம், ஹைட்ராக்ஸிலமைன் புதிதாகக் கரைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மதியம் அமில ஆவி பறக்க ஃபிளாஸ்க்குகள் கொதித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அடுப்பில் பெரிய பீக்கரை இறக்க நினைத்து முக்காலியைத் தட்டிவிட்டேன். அதற்கு மேலிருந்த இரும்புத் தாங்கியிலிருந்து பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்தது. துரு. வருடக்கணக்கில் அமில ஆவி பட்டு அந்தத் தாங்கி செதில் விட்டிருந்தது. கீழே வாய் திறந்து நின்ற ஃபிளாஸ்க்குகளில் எது மாட்டியதோ அதற்கு 0.8. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.05 மில்லிகிராம் துரு, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு செதில், 50 மி.லி. மாதிரியில் விழுந்தால் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் இரும்பு கூடிவிடும். அன்றிலிருந்து ஃபிளாஸ்க்குக்கு மேல் வாட்ச் கிளாஸ் மூடாமல் நான் எதையும் கொதிக்க வைத்ததில்லை.

அதற்காகத்தான் பிளாங்க். உங்கள் மாதிரிக்குப் பதிலாக நல்ல காய்ச்சி வடித்த தண்ணீரை எடுத்து, எல்லாப் படிகளையும் அப்படியே செய்ய வேண்டும். அதில் வரும் ஆரஞ்சு நம் ரீஏஜெண்டுகளின் ஆரஞ்சு. அதைக் கழித்துவிட வேண்டும். அம்மோனியம் அசிடேட்டில் கொஞ்சமாவது இரும்பு இருக்கும், நல்ல தரத்தில் வாங்கினாலும். ஒவ்வொரு முறை தாங்கல் கரைசல் புதிதாகக் கலக்கும்போதும் ஒப்பீட்டுக் கோட்டைத் திரும்பப் போட வேண்டும் என்பது அதனால்தான். கலங்கல் அல்லது சொந்த நிறம் உள்ள தண்ணீருக்கு இன்னொரு பிளாங்க் வேண்டும்: அதே மாதிரி, எல்லாம் சேர்த்து, ஃபெனாந்த்ரோலின் மட்டும் சேர்க்காமல்.

இரும்பில் இவ்வளவு என்றால் ஈயத்தில் கேட்கவே வேண்டாம். பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கணக்கிட்ட கிளேர் பாட்டர்சனுக்கு வருடக்கணக்கில் தொல்லை கொடுத்தது, காற்றிலிருந்தும் பாத்திரங்களிலிருந்தும் ஆய்வகத்துக்குள் வந்துகொண்டே இருந்த ஈயம்தான். குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மொட்டைமாடி டேங்க் முழுதுக்கும் 10 மில்லிகிராம். ஈயத்துக்கான பழைய நிற ரீஏஜெண்ட் டைத்திசோன். எமில் ஃபிஷர் 1878-இல் செய்த சேர்மம் அது. 1925-இல்தான் ஹெல்முத் ஃபிஷர் என்ற வேறொரு ஃபிஷர் அதைப் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்தார். கார்பன் டெட்ராகுளோரைடில் பச்சையாக இருக்கும். ஈயம் கிடைத்தால் செர்ரிப் பழச் சிவப்பு. அதன் மோலார் உறிஞ்சுதிறன் 69,000 அளவில், நம் ஃபெனாந்த்ரோலினைப் போல ஆறு மடங்கு. இருந்தும் 0.01 மில்லிகிராம் ஈயத்துக்கு உறிஞ்சளவு 0.003 தான் வரும். க்யூவெட்டில் கைரேகை பட்டாலே அதைவிட அதிகம் ஆடும். பெரிய அளவு தண்ணீரிலிருந்து ஈயத்தைச் சிறிதளவு கரைப்பானுக்குள் திரட்டினால்தான் படிக்க முடியும். போதாக்குறைக்கு, மற்ற உலோகங்களை அடக்கிவைக்க சயனைடு சேர்க்க வேண்டும். சயனைடு, கார்பன் டெட்ராகுளோரைடு இரண்டோடும் தினமும் உட்கார யாருக்கும் ஆசை இல்லை. உலோகத்தைத் தீச்சுடரில் அணுக்களாக்கி அளக்கும் அணு உறிஞ்சல் கருவியும், பிளாஸ்மாவில் சூடாக்கி அளக்கும் ஐசிபி கருவிகளும் வந்ததும் லேப்கள் டைத்திசோனை மகிழ்ச்சியோடு மூட்டை கட்டின. ஆகவே, ஈயத்துக்குக் கலர் பட்டை வாங்கி வீட்டில் சோதித்து, ‘இல்லை’ என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். இரும்புக்குக் கிட் போதும், ஈயத்துக்குப் போதாது.

அதே சமயம், நிறமுறை பெரிய கருவியை ஜெயிக்கும் இடமும் உண்டு. குரோமியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடுவதில் பயன்படுவது மூன்று இணைதிற குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேட்டிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கியது ஆறு இணைதிற குரோமியம். பின்னதுதான் கொடியது. அணு உறிஞ்சல் கருவியின் தீச்சுடருக்குள் போனால் இரண்டும் ஒன்றுதான், மொத்தக் குரோமியம் என்று ஒரே எண் வரும். அமிலம் சேர்த்த தண்ணீரில் டைஃபினைல்கார்பசைடு விடுங்கள்: ஆறு இணைதிறம் இருந்தால்தான் செவ்வூதா நிறம் வரும், மூன்று இணைதிறம் இருந்தால் வராது. உறிஞ்சுதிறன் 40,000 அளவில் என்பதால் கொஞ்சம் இருந்தாலும் தெரியும். உலோகம் எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பார்க்கும் கண் இந்த ரீஏஜெண்டுகளுக்கு இயல்பாகவே இருக்கிறது. ஃபெனாந்த்ரோலினும் அப்படித்தான்: கொதிக்க வைக்காமல், ஹைட்ராக்ஸிலமைன் சேர்க்காமல், போர்வெல் பக்கத்திலேயே நிறம் உண்டாக்கினால் ஃபெரஸ் மட்டும் தனியாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘சீரம் அயர்ன்’ என்று ஒரு வரி வருமே, அதைப் பல லேப்களில் ஃபெரோசின் என்ற ரீஏஜெண்டை வைத்துத்தான் அளக்கிறார்கள். 1970-இல் லாரன்ஸ் ஸ்டூக்கி அறிமுகப்படுத்தியது. இரும்போடு ஊதா நிறம், உறிஞ்சுதிறன் 27,900. போர்வெல்லுக்கும் ரத்தத்துக்கும் ஒரே தந்திரம்: துருவின் பிடியிலிருந்தோ புரதத்தின் பிடியிலிருந்தோ இரும்பை விடுவி, ஃபெரஸாக ஒடுக்கு, நிறம் உண்டாக்கு, படி.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் உண்டு; அங்கே போனாலும் தனியார் லேபுக்குப் போனாலும், போன வாரம் மாதிரி ஏதோ ஒரு பாட்டிலைக் கழுவி எடுத்துப் போகாதீர்கள். ‘இரும்பு பார்க்க அமிலம் போட்ட பாட்டில் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்குங்கள். அமிலம் பி.எச்.-ஐ 2-க்குக் கீழே வைத்திருக்கும், இரும்பு படியவே படியாது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டேங்கிலிருந்து இல்லாமல் மோட்டாரிலிருந்து நேராக வரும் குழாயில் பிடியுங்கள். அந்தப் பாட்டிலைத் தண்ணீர் விட்டு அலசக் கூடாது, வழிய விடவும் கூடாது. உள்ளே இருக்கும் அமிலம் போய்விடும். கையில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ‘மொத்த இரும்பு’ என்று தெளிவாக எழுதுங்கள். வெறும் ‘இரும்பு’ என்று எழுதினால் கரைந்ததை மட்டும் பார்த்துவிட வாய்ப்பு உண்டு. கூடவே மாங்கனீசும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு உள்ள நிலத்தடி நீரில் அதுவும் அடிக்கடி துணைக்கு இருக்கும், படிவு பழுப்பிலிருந்து கருப்புக்குப் போனால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். 2012-இல் வந்த ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம் இரும்புக்கு 0.3 மில்லிகிராம் என்றது. பிறகு வந்த திருத்தம் அதை 1 ஆக்கியது. 0.3-க்கு மேலேயே வேட்டியில் கறை, வாயில் துருச் சுவை எல்லாம் ஆரம்பித்துவிடும். இந்த அளவுகளில் இரும்பு பெரும்பாலும் உடம்பைவிடத் துணிக்கும் டீக்கும்தான் தொந்தரவு, அதனால் அம்மாவைப் பயப்படச் சொல்ல வேண்டாம்.

என் ஊகம், அமிலம் போட்ட பாட்டிலில் 1-க்கு மேல் வரும். ஒருவேளை அதிலும் 0.12-தான் வந்தால், அடுத்த சந்தேகம் கிட் மேல். அதற்கு ஒரு பிளாங்க் போடுங்கள்: ஆர்.ஓ. தண்ணீரில் அதே சொட்டுகளை விட்டுப் பாருங்கள். அதிலும் நிறம் வந்தால் ரீஏஜெண்ட் கெட்டுவிட்டது, புதுசு வாங்க வேண்டும். நிறம் வராமல் இருந்தால், பக்கெட் அடியில் இருக்கும் பழுப்பை ஒரு ஸ்பூன் எடுத்து, பால் சேர்க்காத கடும் தேயிலை டிகாக்‌ஷனில் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். என்ன நிறம் ஆனது என்று எழுதுங்கள், பார்ப்போம்.